கூடுதல் பணி, எண் ஒன்று

தானே புயலில் ஊறிய தளம்
இன்னும் காய்ந்து முடியவில்லை.
அடுக்களைக்கு மேல் காரை உதிர்ந்த இடத்தில்
கம்பி தெரிகிறது,
உப்புக்காற்று தின்று மிச்சம் வைத்த கம்பி.
தொட்டால் செதில் செதிலாக விரலோடு வருகிறது.
மேடைக்குப் பக்கத்தில் நீல வாளி.
இரவுப் பணி முடிந்து வந்ததும்
முதலில் அதைத்தான் பார்ப்பேன்,
வார்டில் சிறுநீர்ப் பை பார்ப்பதுபோல,
எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று.

முதலில் வந்தவர் அமலி.
புதுச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில்.
ஆர்க்கிடெக்ட் என்றதும்
கூலிங்கிளாஸ் போட்ட ஒருவரை
எதிர்பார்த்திருந்தார் இளஞ்சேரன்.
இவர் செருப்பைக் கழற்றிவிட்டு
சாவி முனையால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
பகலில் எந்த அறையில் தூங்குவீங்க, சிஸ்டர்?
அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.
காட்டினேன்.
ரெண்டு மணிக்குக் கடல்காற்று திரும்பும்,
இந்தக் கிழக்குச் சுவர் அதை வாங்கி
தெருவுக்கே அனுப்பிவிடுகிறது என்றார்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
நான்கு கோடு.
ஒரு ஜன்னல்.
கட்டணம், ஆகும் செலவில் நூற்றுக்குப் பத்து.
வரைபடத்துக்கு இரண்டு மாதம்.
ஆள் பிடிப்பது, விலை பேசுவது தனி.
மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்க
வாரம் ஒருமுறை வருவாராம்.
மற்ற ஆறு நாள்?
கேட்டது இளஞ்சேரன்.
அமலி பொய் சொல்லவில்லை.

தேவனாம்பட்டினத்தில் என் நாத்தனார் வீட்டு வரைபடம்
லேமினேட் செய்து சுவரில் தொங்குகிறது.
அது வாடகை வீட்டுச் சுவர்.

அடுத்தது நெல்லிக்குப்பம் சாலையில்
ஒரு கண்ணாடி அலுவலகம்.
வரைவதும் கட்டுவதும் அவர்களே.
ஏசி குளிரில் என் வீடு
திரையில் மெல்லச் சுழன்றது.
அதில் ஒருத்தி, நானல்ல,
பளிங்கு மேடையில் சாய்ந்து காபி குடிக்கிறாள்.
அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை.
ஏழு மாதம், ஒரே தொகை, ஒரே கையெழுத்து.
தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு கழிவு என்று
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்
பொறியாளர் கோகுலகண்ணன்.
தப்பு நடந்தா யாருகிட்ட சொல்றது?
எங்ககிட்டதான் மேடம்.
அது தப்புதான்னு யாரு சொல்றது?
அதுவும் நாங்கதான், என்று சிரித்தார்.
நல்ல பையன். சிரிப்பில் கள்ளமில்லை.

திரும்பும்போது கெடிலம் பாலத்தில் நெரிசல்.
வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
சீட்டு எழுதுகிறவரும் மருந்து விற்கிறவரும்
ஒரே ஆளாக இருந்தால்
மாத்திரை இரண்டு கூடத்தான் வரும்;
பதினெட்டு வருடம் பார்த்தாயிற்று.
ஆனால் நள்ளிரவில்
பிள்ளையைத் தோளில் போட்டு ஓடிவருகிறவள்
ரத்தம் இங்கே, எக்ஸ்ரே அங்கே என்றால்
என்னைப் பார்ப்பாளே ஒரு பார்வை,
அதையும் பார்த்தாயிற்று.
இந்த வீட்டுக்கு நான்தான் அவள்.
மேஸ்திரிக்கும் அமலிக்கும் நடுவே
போனைப் பிடித்துக்கொண்டு நிற்க
என் காலில் மிச்சம் இல்லை.

கையெழுத்துப் போட்டோம்.

அமலியிடம் நானே சொன்னேன்.
வந்து பார்த்ததற்கும் அந்த நான்கு கோட்டுக்கும்
பணம் அனுப்புகிறேன் என்றபோது மறுக்கவில்லை.
மூவாயிரம் என்றார், உடனே.
கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் சத்தம் மட்டும்.
பிறகு,
அந்தக் கிழக்குச் சுவரு?

ரசீதை எடுத்துக்கொண்டு போனேன்.
கோகுலகண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முன்பக்கம் யூனிட் முந்நூற்று நாற்பது.
பின்பக்கம் ஜன்னல்.
இது பேக்கேஜ்ல இல்லையே மேடம்.
தெரியும்.
சுவர் உடைக்க, லிண்டல், கிரில், கொசுவலை, பூச்சு,
நாற்பத்தோராயிரம்.

வாசலில் ஒரு செங்கல் இறங்கவில்லை இன்னும்.
அதற்குள் மஞ்சள் தாளில்
கூடுதல் பணி, எண் ஒன்று.
எதிரே என்ன எழுத, என்று பேனாவோடு காத்திருந்தார்.
காற்று என்று வாய்வரை வந்தது.
நாலுக்கு மூன்றரை அடி என்று
எழுதிக்கச் சொன்னேன்.